செவ்வாய்க்கிழமைகளில் செத்துப்போன கூட்டாளி

டீக்கடையில் டீ போடுவது சுலபம். இன்னொருவரோடு சேர்ந்து கடை நடத்துவதுதான் கஷ்டம். கூட்டு வியாபாரத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பபேடான் பக்கம், நானும் அந்தோணியும் கடை வைத்திருக்கிறோம். தோசையும் கல்லாவும் என் பொறுப்பு. டீயும் பேச்சும் அவன் பொறுப்பு. எனக்குப் பேச்சு வராது.

யார் முதலில்

எதிர்வரிசைத் துணிக்கடையில் கூட்டாளிகளில் ஒருவர் திடீரென்று தவறிப்போனார். எந்தச் சரக்கை யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. மற்றவர் கொஞ்ச நாள் தடுமாறிவிட்டுக் கடையைச் சாத்தினார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அந்தோணிக்கு ஒன்று ஆகிவிட்டால் டீ யார் போடுவது? எனக்கு ஆகிவிட்டால் மாவுப் பக்குவம் யாருக்குத் தெரியும்? அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனாலும் கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான்.

"என்னைக்குப் போகணும்னு சொல்லுங்கண்ணே, லீவு போட்டுடறேன்."

ஒத்திகை

அவன் சொன்ன கேலியே ஏற்பாடாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணி செத்துப்போவான், வியாழக்கிழமை நான். செத்தவர் மூலை மேசையில் உட்கார வேண்டும். பேசக் கூடாது, சைகையும் கூடாது. மற்றவர் எல்லா வேலையையும் பார்த்துப் பழக வேண்டும்.

முதல் செவ்வாயே தகராறு. தாமுவே பகுதியிலிருந்து வரும் டாக்சிக்காரர் கோ ஜோ எப்போதும் இனிப்பும் பாலும் தூக்கலாகக் கேட்பார். அந்தோணி டின்பாலைக் கண்ணளவில் சரிப்பான். நான் கரண்டியால் அளந்து, விளிம்பில் ஒட்டியதையும் வழித்துப் போட்டேன். கோ ஜோ ஒரு வாய் குடித்தார். மூலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"மாமா, இது டீயா, மருந்தா? தயவுசெஞ்சு அவரை எழுப்புங்க."

துக்கம் விசாரித்தவர்

தின்கன்ஜூனிலிருந்து வரும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருநாள் வாசலிலேயே டீயை வாங்கிக்கொண்டு, "அந்தோணி எங்கே?" என்று கேட்டார். "செத்துட்டார்" என்றார் கோ ஜோ, சிரிக்காமல். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தம்மா கிளம்பிவிட்டார். நேரே அந்தோணி வீட்டுக்குப் போய், அவன் மனைவி ரோசியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

ரோசி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். புருஷன் மூலையில் முழுசாக உட்கார்ந்திருந்தான். அவள் கத்த, அவன் பதில் சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். அவளும் என் பக்கம் திரும்பினாள்.

"கடைக்கு ஏற்பாடு பண்ணிட்டீங்க. எனக்கு என்ன ஏற்பாடு அண்ணே?"

நியாயம்தான். அன்றே பேசி முடித்தோம். ஒருவர் போய்விட்டால், கடை இருக்கும்வரை லாபத்தில் கால் பங்கு அவர் வீட்டுக்கு. உயிரோடு வேலை செய்கிறவரைக்கும் பாதிப் பங்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்

வழக்கமாக அந்தோணி திருட்டுத்தனம் செய்வான். நான் சீனி போடும்போது புருவத்தை உயர்த்திக் காட்டுவான். அன்று அசையவே இல்லை. கோ ஜோ, "மேலே எல்லாம் சௌகரியமா?" என்று கேட்டதற்கும் சிரிப்பு இல்லை. பரவாயில்லை, ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம். அவன் கடைவாயிலிருந்து டீ வழிந்து சட்டையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. கோ ஜோதான் குனிந்து முகத்தைப் பார்த்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டே கத்தினார்:

"விளையாட்டை நிறுத்துங்க மாமா, கையைப் பிடிங்க, தூக்கலாம்!"

ஏற்பாட்டில் இல்லாதது

பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கையும் பேச்சும் வரவில்லை. எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது அப்போதுதான். பாதிப் பங்கு கொடுக்க அவன் வேலை செய்யவில்லை. கால் பங்கு கொடுக்க அவன் சாகவில்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எங்கள் ஏற்பாட்டில் அவனுக்கு இடமில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். ரோசியே கேட்டாள்:

"இவர் இருக்கிற கணக்கா, போன கணக்கா அண்ணே?"

"நாளைக்குக் கடைக்குக் கூட்டிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பதவி

வந்து மூலையில் உட்கார்ந்தான். நான் போட்ட முதல் டீயை வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இடது கையால் என் பக்கம் தள்ளினான். வேறு போட்டேன். அதையும் தள்ளினான். வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தார்கள். மூன்றாவதை மெதுவாகக் குடித்து முடித்தான். அப்புறம்தான் மற்றவர்களுக்கு ஊற்றினேன். அன்று ஒருவரும் மருந்து என்று சொல்லவில்லை. தினமும் இதே கதைதான். ரோசி தோசைக்கல் பக்கம் வந்துவிட்டாள். பாதிப் பங்கில் நான் ஒரு பைசா குறைக்கவில்லை. கோ ஜோ மட்டும் காலி டம்ளரோடு முணுமுணுக்கிறார்:

"செத்திருந்தப்போ எவ்வளவு நல்ல மனுஷன்!"

கூட்டாளிக்காக முன்னேற்பாடு செய்கிறவர்கள் சாவை மட்டும் யோசித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், கூட்டாளி திரும்பி வந்து டீ சரியில்லை என்று தள்ளிவிடவும் கூடும்.