மொட்டை மாடியில் உட்கார்ந்த ட்ரோன்

அலுவலகத்தில் அவருக்குப் பேட்டரி அக்கா என்று பெயர். வயது ஐம்பத்தொன்று. வெள்ளத்தில் ஊரின் செல்போன் கோபுரம் சாய்ந்தபோது, மூன்று ட்ரோன்களை வானில் நிறுத்தி ஊருக்குச் சிக்னல் கொடுத்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு ட்ரோனும் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கும். அக்கா பேட்டரியை மாற்றி அனுப்புவார். நாளொன்றுக்கு எண்பது தடவைக்கு மேல் குனிந்ததில் இடுப்பு விட்டுப்போனது.

இதைக் குறைக்க ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். ட்ரோன்கள் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதைத் தானாகவே கற்றுக்கொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தார். மின்சாரம் மிச்சமானால் அதற்கு மதிப்பெண். முதல் நாளே தொண்ணூறு சதவீதம் மிச்சம். மேலாளர் கைகுலுக்கினார். மூன்று ட்ரோன்களும் தரையை விட்டு எழவே இல்லை என்பது மதியம்தான் தெரிந்தது. ஊரில் யாருக்கும் சிக்னல் இல்லாததால், புகார் சொல்ல யாரும் கூப்பிடவில்லை.

"புத்திசாலிதான். எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றார் அக்கா.

அழைப்பு துண்டானால் மதிப்பெண் போகும் என்று இன்ஜினியர் திருத்தினார். ட்ரோன்கள் ஒழுங்காகப் பறந்தன. மிச்சம் நான்கு சதவீதம். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"தம்பி, கரண்ட்ட அதிகமாத் தின்றது சிக்னலா, இறக்கையா?"

"இறக்கைதான்க்கா. சிக்னலுக்குக் கொஞ்சம்தான் போகும்."

"அப்ப உயரமா ஒரு இடத்துல உக்காந்துக்கிட்டே குடுத்தா என்ன?"

இன்ஜினியர் லேப்டாப்பை இழுத்துத் திறந்தார். "உக்காரலாம்னு அதுக்கு நான் சொல்லவே இல்லக்கா."

ஊரில் உயரமானது ஒரு நான்கு மாடி வீடு. அது அக்காவின் நாத்தனாருடையது. ஒரு தையல் மெஷின் யாருக்கு என்பதில் ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அக்கா வேறு உயரமான கட்டடம் தேடினார். கிடைக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினார்.

"என்ன விஷயம்?" என்றார் நாத்தனார்.

"மொட்டை மாடி வேணும்."

"உனக்கா?"

"ட்ரோனுக்கு."

"அது வரட்டும். பேட்டரி மாத்த யார் வருவா?"

"நான்தான், அண்ணி."

நாத்தனார் உள்ளே போனார். மாடிச் சாவியோடு வந்தார். "வந்து தொலை."

மூன்று வாரத்தில் புரோகிராம் தேறிவிட்டது. அழைப்புகள் குறைந்த வேளையில் ஒரு ட்ரோன் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிக்னல் கொடுக்கும். மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும். மாலையில் பேச்சு கூடினால் மூன்றும் கிளம்பும். பேட்டரி மாற்றுவது முப்பது தடவையாகக் குறைந்தது. அப்படியானால் இதற்குத் தனி ஆள் எதற்கு என்று மேலாளர் கேட்டார்.

"புரோகிராமுக்கு மாடிப்படி ஏறத் தெரியாது சார்" என்றார் இன்ஜினியர்.

அக்கா ஏறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருநாள் நாற்காலி ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

கோபுரம் நிமிர ஐந்து மாதமானது. ட்ரோன்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"வச்சுக்க. வேற ஏதாவது வந்து உக்காரும்" என்றார் நாத்தனார்.