வெள்ளைக் குழம்புக்கு ஓர் இலை

பெரியப்பா கூடாது என்று சொன்ன பிறகும் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது என்றால், அது அந்தப் போகியன்று சித்தி சீனாக்காரர்களின் குழம்பு வைத்ததுதான். அதற்கு முன்னால் அப்படி எதுவும் நடந்ததில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

கும்மிடிப்பூண்டியில் அப்போது தொழிற்பேட்டை வரவில்லை. ஸ்டேஷன், ஒரு அரிசி மில், அதைச் சுற்றி நாங்கள். பெரியப்பா மில்லில் மேஸ்திரி. சீனாவோடு சண்டை நடந்தபோது கையில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தவர். ஒரு தடவை கொடுத்தார், ஓராயிரம் தடவை சொன்னார். வெறும் விரலைத் தடவிக்கொண்டே அவர் ஆரம்பித்தால் பெரியம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்தி வாழ வந்தாள். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவள். அவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, பச்சைக் குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சீனாக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். பிள்ளை குட்டி இல்லாத அந்த அம்மாள் தெருமுனையில் மண்சட்டியில் சேமியாக் குழம்பு காய்ச்சி விற்றுப் பிழைத்தவள். சித்தி அவளை ‘எங்கம்மா’ என்றுதான் சொல்லுவாள். நம்மவர்களையெல்லாம் அங்கிருந்து அனுப்பியபோது அந்த அம்மாள் கரையிலேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரிடமிருந்தும் ஒரு தகவலும் வரவில்லை.

எங்கள் வீட்டில் போகியன்று, இறந்துபோனவர்களுக்குப் படைப்பார்கள். உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடிக்குமோ அது அவரவர் இலையில் இருக்க வேண்டும். தாத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பும் ஒரு சுருட்டும். அம்மை போட்டுப் போன அத்தைக்கு மசால் வடை. எல்லா இலையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கூரைமேல் வைப்பார் பெரியப்பா. செத்தவர்கள் காக்கையாக வந்து அதைச் சாப்பிட வேண்டும். காக்கை எடுக்கும்வரை வீட்டில் எவருக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது.

அந்த வருடம் போகிக்குச் சில நாள் முன்பு, தன் ‘எங்கம்மா’வுக்கும் ஓர் இலை போட வேண்டும் என்று சித்தி கேட்டாள்.

“இன்னாது? சீனாக்காரிக்கு என் ஊட்ல இலையா? நான் மோதிரத்த கழட்டிக் குடுத்தது எதுக்கு?” என்று குதித்தார் பெரியப்பா.

“மோதிரம் நீங்க குடுத்தீங்க மாமா. எனக்குச் சோறு குடுத்தது அவங்க. அவங்களுக்குன்னு ஒரு நாதி இல்ல. போய்ச் சேந்திருந்தா வேற யாரு வெப்பாங்க?”

பெரியப்பாவுக்கு எதிரே நின்று யாரும் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. சித்தப்பா வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: “அந்தச் சட்டி என் அடுப்புல ஏறிச்சின்னா, நீயும் உன் புருசனும் மூட்டைய கட்டிக்கினு வேற ஊடு பாத்துக்குங்க.”

போக்கிடம் எங்கே இருக்கிறது? சித்தப்பாவுக்கும் அதே மில்லில்தான் வேலை. சித்தி அடங்கிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் பொங்கலுக்கு வாங்கிய புதுப் பாண்டங்களோடு ஒரு சட்டியும் வந்திருந்தது. அவள் அதில் தினமும் வடிகஞ்சி ஊற்றி வைத்துப் பழக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

போகியன்று காலையில் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டினாள். பெரியப்பா வந்து முறைத்தார். “உங்க அடுப்புல ஏத்தல மாமா, இது கல்லு” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். “படையல் முடியட்டும், உன்ன வெச்சிக்கிறேன்” என்று அவர் உள்ளே போனார்.

மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, அப்பளமாகத் தேய்த்து, மடித்து, அரிவாள்மணையில் இழை இழையாக நறுக்கினாள். துணி காயும் கொடியில் அதைத் தொங்கவிட்டாள். பழவேற்காட்டு இறாலின் தலைகளை இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்டுச் சட்டியில் கொதிக்கவிட்டாள். மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது, புளி கிடையாது. எட்டிப் பார்த்த பெரியம்மா, “இன்னாடி இது, வெள்ளையா கொதிக்குது?” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நுரையை எடுத்து எடுத்துத் தெளிந்த பிறகு இழைகளைப் போட்டு, மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் தூவி, கடைசியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடினாள். மூடியைத் திறந்தபோது வந்த வாசனையில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வயிறு காலையிலிருந்தே காலி.

உள்ளே கற்பூரம் காட்டி முடித்ததும் பெரியப்பா கூரைமேல் சோற்றை வைத்துவிட்டு “கா, கா” என்று கூப்பிட்டார். கொல்லையில் சித்தி ஓர் இலையைப் போட்டு, சட்டியிலிருந்து இழைகளை அள்ளி வைத்து, தள்ளிப்போய் நின்றாள். அவள் கூப்பிடவே இல்லை.

வந்தது பாருங்கள் காக்கை! ஒன்று, இரண்டு, பிறகு ஊர்க் காக்கை மொத்தமும். எல்லாம் முருங்கை மரத்தடிக்கு. ஆளுக்கொரு இழையை அலகில் கவ்விக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தன. கூரைமேல் எங்கள் தாத்தாவின் கருவாட்டுக் குழம்பு சீந்துவாரில்லாமல் காய்ந்தது. பெரியப்பா கூவிக் கூவித் தொண்டை கம்மிப்போனார்.

“அதுங்கள இந்தாண்ட வெரட்டுடி” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“மாட்டேன்” என்றேன். என் வாயில் அந்த வார்த்தை இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். முதுகில் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை, அவருக்கும் பசி.

வெயில் உச்சிக்கு ஏறியது. சின்னதுகள் பசியில் அழ ஆரம்பித்தன. பெரியப்பா கொல்லை வாசலுக்கு வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்த இலையையும் கொண்ணாந்து கூரை மேலயே வெச்சிடு. போவட்டும்.”

“அவங்க சாப்ட்டு முடிக்கட்டும் மாமா” என்றாள் சித்தி.

முடிக்கும்வரை நின்றார் பெரியப்பா. நின்றார் என்பதை இன்றைக்கும் நான் எல்லோரிடமும் சொல்வேன். இலையைத் துடைத்தாற்போல் காலி செய்துவிட்டு, காக்கைகள் சாவகாசமாகக் கூரைக்குப் பறந்து கருவாட்டைக் கொத்தின. வீடு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. பந்தி போட்டார்கள். மூட்டை கட்டும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் சித்தி ஜெயித்துவிட்டாள்! பந்தியிலிருந்து எழுந்து கொல்லைக்கு ஓடினேன். சித்தி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். எதிரே அந்தக் காலி இலை கிடந்தது.

“இன்னா சித்தி, நாமதான ஜெயிச்சோம்? காக்கா உன் இலைக்குத்தான மொதல்ல வந்துச்சி?”

“உசுரோட இருந்தா காக்கா தொடாதுன்னு நெனச்சேன்டி பாப்பா” என்றாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆசையாகச் சமைத்ததை ஒரு இழைகூட விடாமல் காக்கைகள் தின்றுவிட்ட வருத்தம் என்றுதான் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அழாதே சித்தி, சட்டியில் இன்னும் நிறைய இருக்கிறது என்று தேற்றினேன்.