வாளியும் அப்பிள் படமும்

தகப்பன்மாரின் வேலைக்காக ரொறொன்ரோவுக்கு வந்த ஜப்பானியப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வாடகைக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் நடக்கும். எண்பதுகளின் நடுவில் அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு நான் ஆங்கிலம் படிப்பித்தேன். கிடைப்பது ஒரு மணித்தியாலம். சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைப்பதிலும், எழுந்து குனிந்து வணக்கம் சொல்வதிலும் கொஞ்ச நேரம் போய்விடும். கடைசி இருபது நிமிடம் வகுப்பைத் துடைக்க. பிள்ளைகள்தான் துடைக்கவேண்டுமாம், அது அவர்களுடைய வழக்கமாம். ஈரத்துணியை நிலத்தில் அழுத்திப் பிடித்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சுவருக்குச் சுவர் ஓடுவார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

மிச்ச நேரத்திலாவது வாய் திறந்தார்களா? அப்பிள் படத்தைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் முழு வகுப்பும் மேசையைப் பார்க்கும். பிழையாகச் சொல்லிவிட்டால் வெட்கமாம். யாழ்ப்பாணத்தில் என் மாணவர்கள் பிழையான பதிலைத்தான் கூரை அதிரச் சொல்லுவார்கள். இங்கே ஒரு அப்பிளுக்காக நான் தவம் கிடந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூட அதிபர் மிகப் பணிவாகச் சொன்னார்: மாதக் கடைசியில் தாய்மார் வந்து வகுப்பைப் பார்ப்பார்கள், என்னை வேலையில் வைத்திருப்பதா என்பதை அதன்பிறகு முடிவெடுப்பார்கள். வேலை போனால் அடுத்தது தயாராகவே இருந்தது. கந்தோர்க் கட்டடங்கள் துடைக்கும் கொம்பனி ஒன்றில் வேலை செய்த என் கணவர் அங்கே எனக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார்.

"உமக்கும் ஒரு மொப் எடுத்து வைக்கச் சொல்லட்டோ?" என்பார் பகிடியாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஆங்கில ஆசிரியை என்ற வீம்பு ஒன்றுதான் ஊரிலிருந்து என்னோடு வந்து சேர்ந்த சொத்து.

தாய்மார் வருவதற்கு முந்திய சனிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. கெதியாக முடித்தால் ஐந்து நிமிடமாவது மிஞ்சும் என்று, சேலையைச் செருகிக்கொண்டு நானே ஒரு துணியை நனைத்து ஏனோதானோவென்று நிலத்தில் இழுத்தேன். பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நோ, ரீச்சர்!" கத்தியவள் வகுப்பிலேயே பெரிய ஊமைக்கோட்டான். "நொட் லைக் தட்! டூ மச் வோட்டர்!"

துணியைப் பறித்து இறுக்கி முறுக்கிக் காட்டினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் ஆங்கிலம். கிழமை நாட்களில் கனடாப் பள்ளிக்கூடங்களில் பொறுக்கியதை இத்தனை மாதமாக எனக்கு ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். துடைக்கத் தெரியாத ஒரு மக்கைக் கண்டதும் வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

தாய்மார் வந்த அன்று அப்பிள் படத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. அவர்கள் நல்ல உடுப்புகளில் பின்சுவரோடு நிற்க, நான் வாளியைக் கொண்டுவந்து நடு வகுப்பில் முழங்காலில் நின்று வேண்டுமென்றே பிழையாகத் துடைத்தேன். அதிபரின் முகம் வெளுத்தது. பிள்ளைகள் என்னை விடவில்லை. தண்ணீர் கூடிவிட்டது, மூலை விடுபட்டுவிட்டது, திரும்பச் செய் என்று ஆங்கிலத்தில் வறுத்தெடுத்தார்கள். ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வர, கணவர் வேலைக்குப் புறப்பட்டு நின்றார்.

"என்ன, வேலை தப்பிட்டுதோ?"

"தப்பிட்டுது."

அவர் என் சேலையைப் பார்த்தார். முழங்காலடி முழுக்க ஈர ஊத்தை.

"உதென்ன கோலம்? படிப்பிக்கப் போனனீரோ, நிலம் துடைக்கப் போனனீரோ?"

"துடைச்சுத்தான் வேலை தப்பினது," என்றேன். "உங்களுக்கு ஒரு சுப்பவைசர். எனக்குப் பன்னிரண்டு பேர், எல்லாம் முன்பல்லு விழுந்ததுகள்."