பாதரசம் பிசைந்த கை

பாப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. ஈப்போவில் டாக்டர் ஸ்கந்தராஜாவின் பல் கிளினிக்கில் பதினைந்து வருடமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்பதேதான். காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் சிலிபின் பஸ்ஸில் இடம் கிடைத்தால்தான் உட்காருவாள்.

அவள் அம்மா கருப்பம்மாள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். மகளுக்கு வெள்ளை உடுப்பு, தலைக்கு மேல் காற்றாடி, அட்டைக்கடி இல்லாத வேலை என்று தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். பாப்பாவுக்கும் பெருமைக்குக் குறைவில்லை. டாக்டர் சொத்தைப் பல்லைக் குடைந்து முடிக்கும் நேரம் பார்த்து, வெள்ளித் தூளில் பாதரசம் விட்டு அரைத்து, உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் பிசைந்து, துணியில் முறுக்கிப் பிழிந்து, குழியை அடைக்க நீட்டுவாள். பதம் ஒருநாளும் தப்பியதில்லை. இவளைப் போல் பிசைய ஈப்போவில் ஆளில்லை என்று டாக்டரே ஒருமுறை சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கல்யாணத்துக்குப் பிறகும், இரண்டு பிரசவத்துக்குப் பிறகும் திரும்ப வந்து நின்றாள், மடச்சி.

எண்பத்தொன்றில் அந்தக் கை ஆட ஆரம்பித்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு நோயாளியின் வாய்க்குள் அவள் பிடிக்கும் சின்ன முகக்கண்ணாடிக் கரண்டி பல்லில் பட்டுக் கிணுகிணுத்தது. வாயில் எந்நேரமும் செப்புக்காசைப் போட்டுக்கொண்டது போல ஒரு ருசி. தூக்கமும் இல்லை. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் சன்னாசி, நரம்புத் தளர்ச்சி என்று அவனாகவே முடிவுகட்டி டானிக் வாங்கி வந்தான். பாட்டில் தீர்ந்தது, நடுக்கம் தீரவில்லை. அவள் கையை உடுப்புப் பையில் ஒளிக்கப் பழகினாள்.

ஒரு வியாழக்கிழமை கருவித் தட்டு அப்படியே தரையில் விழுந்தது. நோயாளி போனதும் டாக்டர் கூப்பிட்டார்.

"இப்பிடிக் கை நடுங்கினா நான் என்னெண்டு வேலை செய்யிறது, பிள்ளை? மாசம் முடியட்டும். வேற ஒருத்தியைப் பாக்கிறன்."

இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு என்ன தெரியும்? பல் மருத்துவ உதவியாளர் சங்கம் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். வேறு கிளினிக்கில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கலாமே என்று கிளம்பினாள்.

"தோட்டத்துல பாக்காத சங்கமா? அங்க போயி என்னா கெடைக்கப் போவுது?" என்றான் சன்னாசி.

"டீ கெடைக்கும்," என்றாள்.

சீனப் பள்ளி மண்டபத்தில் முப்பது பெண்கள் இருந்தார்கள். பயிற்சி வகுப்பு, சான்றிதழ், கிளினிக்குகளோடு பேச்சுவார்த்தை என்று யாரோ மலாயில் அடுக்கிக்கொண்டே போனார்கள். பாப்பா பாதியில் கண்ணயர்ந்துவிட்டாள். டீ வந்தபோது வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு இடது கையால் குடித்தாள். பக்கத்தில் ஆயர் தாவாரிலிருந்து வந்த முத்தம்மா, இவளைவிட மூத்தவள். அவள் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்து, டீ பாதி மேசையில் சிந்தியது. முத்தம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை.

"கைய ஏம்மா ஒளிக்கிற? மேல வை. வெறுங்கையிலதானே பெசையிற?"

"ஆமாக்கா. நரம்புத் தளர்ச்சின்னு…"

"நரம்புமில்ல, ஒண்ணுமில்ல. பாதரசம் லா. கையில ஏறுது, மூச்சுல ஏறுது. சங்கத்துல விசயம் தெரிஞ்சவங்களக் கூப்புட்டுக் கேட்டோம். கலக்குறதுக்கு மெஷின் வந்து எவ்ளோ காலமாச்சு."

"விட்டா சரியாயிருமா?"

"நான் விட்டு ஒரு வருசம். தூக்கம் வந்திருச்சு. கை கொஞ்சம் தேவல, அவ்ளோதான்."

பாப்பாவுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. தன்மேல் குற்றமில்லை. முத்தம்மா கொடுத்த, சங்கத்தில் சேரும் விண்ணப்பப் போராங்கை மட்டும் நிரப்பாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"டாக்டருக்குத் தெரியாதுக்கா. சொன்னா மெஷின் வாங்கிருவாரு. சங்கம் அது இதுன்னு அவருக்கு எதுக்கு சுசா குடுக்கணும், வீண் தொந்தரவு?"

முத்தம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டுப் பாரு," என்றாள்.

திங்கட்கிழமை முதல் நோயாளி வருவதற்குமுன் பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கைகழுவிக்கொண்டே கேட்டார். துவாலையில் விரல் விரலாகத் துடைத்தார்.

"தெரியும் பிள்ளை. படிக்கேக்கையே சொல்லித் தந்தவை." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த வேலைக்கு வாற பிள்ளையள் ரெண்டு மூண்டு வருசத்தில கலியாணம் கட்டிப் போயிடுவினம். அதுக்குள்ள ஒண்டும் வராது. நீயும் போயிடுவாய் எண்டுதான் நினைச்சன். நீ நிண்டிட்டாய்."

பதினைந்து வருடம். அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நோயாளி உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள், முதல்முறையாக.

அடுத்த மாதம் டாக்டருக்குச் சங்கத்தின் கடிதம் வந்தது, மெஷினும் வந்தது, அவள் வேலை போகவில்லை. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவள் பையிலிருந்து போராங்கை எடுத்து மடியில் விரித்தாள்.

"வேற ஒருத்தியப் பாக்குறதா இருந்தா பாருங்க டாக்டர். ஆனா அவகிட்ட இதச் சொல்லிட்டு எடுங்க," என்றாள். "பேனாவக் கொஞ்சம் குடுங்க."

அவர் கொடுத்தார். ஆடுகிற கையாலேயே கையெழுத்துப் போட்டாள். வெகுநேரம் பிடித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.