கைலி கட்டிய வீரன்

அத்தை வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைகளில் ஒன்று லேசாக வளைந்திருக்கும். உருட்டினால் நொண்டிக்கொண்டே ஓடும். அதன்மேல் நான் உட்கார்ந்ததால் வந்த வளைவு அது. உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

எண்பதுகளின் தொடக்கம். அவனியாபுரத்தில் அத்தை வீட்டு மொட்டைமாடி. சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர், அங்கே இளவட்டங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனைக் கற்பனை செய்து, பகடை உருட்டியே கதைக்குள் சண்டை போடுகிறார்கள் என்றார். விதிப் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. நாமே எழுதுவோம் என்றான் அத்தை மகன். கதை சொல்வதும் தீர்ப்புச் சொல்வதும் அவன். உதைகளுக்கு நான் பொறுப்பு. கோரிப்பாளையத்தில் மூன்று மாதம் கராத்தே வகுப்புக்குப் போனவன் எங்கள் குடும்பத்திலேயே நான்தான்.

நேராக நீட்டும் முன்னுதைக்கு மூன்று விழுந்தால் போதும். இடுப்பைத் திருப்பி உதைக்கும் பக்க உதைக்கு நான்கு. பட்டால் எதிரி ஓரடி பின்வாங்குவான். தலைக்குச் சுழற்றி விடும் உதைக்குப் பன்னிரண்டுதான். பட்டால் ஆட்டம் முடிந்தது. தாயம் விழுந்தால் ஊன்றிய கால் வழுக்கும். மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அத்தைக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. "தாயம் விழுகுறதுக்கு அவனவன் தவங் கெடக்கான். இவனுக என்னடான்னா அதுக்குப் போயி கீழ விழுகுறானுக."

என் வீரன் கோடை முழுக்க வளர்ந்தவன். செத்தால் செத்ததுதான், அவனைப் பற்றி எழுதிவைத்த அட்டையைக் கிழித்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கதையில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கொள்ளைக்காரனிடம் மாட்டிக்கொண்டான். இன்னொரு அடி வாங்கினால் அட்டை போச்சு. சுழல் உதை என்றேன். உருட்டினேன். பன்னிரண்டு. நான் குதித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து மச்சான் கேட்டான்:

"உன் ஆளு என்ன கட்டியிருக்கான் மாப்ள?"

வீரனை உருவாக்கிய அன்று, கெத்தாக இருக்கட்டும் என்று நானே எழுதியது. "கைலி."

"கணுக்கால் வரைக்கும் கைலியக் கட்டிக்கிட்டு தலைக்கு எப்புடி உதைப்பான்?"

"கராத்தே தெரிஞ்சவன் உதைப்பான் மச்சான்."

"நீயும் கைலிதான் கட்டியிருக்க. உதைச்சுக் காட்டு. காட்டிட்டீன்னா உன் ஆளு பொழச்சான்."

தன் தலையுயரத்துக்குத் துண்டைப் பிடித்துக்கொண்டு கொள்ளைக்காரன் இடத்தில் நின்றான். வகுப்பில் சொன்னபடியே முழங்காலைத் தூக்கினேன், ஊன்றிய பாதத்தைத் திருப்பினேன். அதுவரை குறையில்லை. காலை நீட்டும்போது கைலி கதவைச் சாத்தியது. தூக்கிய கால் பாதியில் நிற்க, ஊன்றிய கால் தானும் கிளம்பி மச்சானின் கால்களை வாரிவிட்டது. நான் தாயக்கட்டைமேல்; அவன், அன்று பிழிந்து காயவைத்த வடகத்தின்மேல்.

முதுகெல்லாம் வடகமாக அவன் வானத்தைப் பார்த்துத் தீர்ப்பை யோசித்துக்கொண்டு கிடந்தான். "அம்புட்டு மாவும் போச்சே" என்று அத்தை புலம்பியது அவன் காதில் ஏறவேயில்லை. ஆட்டம் என்று வந்துவிட்டால் அவ்வளவு நேர்மை.

"உதை படல மாப்ள," என்றான். "ஆனா கொள்ளைக்காரன் விழுந்துட்டான்ல. அட்டையக் கிழிக்காத."

அன்றைக்கே புதிய விதிகள் சேர்ந்தன. கைலி கட்டியவன் முதலில் அதை மடித்துக் கட்ட ஒரு வாய்ப்பைச் செலவழிக்க வேண்டும். மடிக்காமல் உதைத்தால் இருவரும் விழுவார்கள். மடிக்காமல் உதைக்கும் இந்த உதைக்கு மச்சான் என் பெயரையே வைத்தான். கராத்தே உலகில் எனக்குக் கிடைத்த ஒரே கௌரவம் அது.

போன பொங்கலுக்கு என் பேத்தியோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது நானும் மச்சானும் தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். விதிகளையெல்லாம் அவளுக்குச் சொல்லி முடித்ததும் மச்சான் அதே பழைய குரலில் கேட்டான்: "உன் ஆளு என்னத்தா கட்டியிருக்கு?"

தன் வீரனுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பேன்ட் தாத்தா. எலாஸ்டிக் வச்சது."

வளைந்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தான். "இது அன்னைக்கு உனக்குத் தோணுச்சா மாப்ள? எங்கம்மா வடகமாச்சும் மிஞ்சியிருக்கும்."