வையம்பட்டிக்குப் போன நம்பர்

“உங்க குரூப் என்னங்க?” மருந்துக் கவரைக் கையில் பிடித்தபடியே மணிமேகலை கேட்பாள். ஸ்ரீரங்கம் மருந்துக்கடையில் பதில் வந்த பிறகுதான் கவர் கைமாறும். ரத்த வகை, போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி எல்லாம் அவள் போனில் ஏறிவிடும். பதினோரு வருஷத்தில் ஆயிரத்து நாற்பது பேர். பெயர் அவளுக்கு நிற்காது. “உறையூர் பி பாசிட்டிவ் அண்ணன்” என்பாள். பெண் பார்க்க வந்தவரிடமும் முதலில் அதைத்தான் கேட்டாள் என்று அக்கா செல்லக்கிளி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன ஆவணியில் அந்தப் போன் பஸ்ஸில் தொலைந்தது. பட்டியல் மெயில் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் புதுப் போனில் பாஸ்வேர்டு சரியாகப் போட்டும், ஓடிபி அவளுடைய பழைய நம்பருக்குப் போனது. கணக்கு தொடங்கியபோது கொடுத்து, சில வருஷங்களுக்கு முன்னால் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர்; கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. மறுநாள் காலை ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன். ஓ நெகட்டிவ் கேட்டு அவள் கணவன் கடை வாசலில் நின்றிருந்தான்.

பழைய நம்பரைக் கூப்பிட்டாள். வையம்பட்டியில் வேலம்மாள் என்ற விவசாயப் பெண் எடுத்தாள்.

“ஓடிபியா? யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டிவியிலயே சொல்றாங்க. வைம்மா போனை.”

மறுபடி கெஞ்சியதில் சற்று இறங்கினாள். “நேர்ல வா. ஆளைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அக்காவும் தங்கையும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். வழியெல்லாம் மணிமேகலை ஒருவரிடமும் குரூப் கேட்கவில்லை. செல்லக்கிளிக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த வேலம்மாள், ஆதாரை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டாள். “இதுல கொஞ்சம் பூசுனாப்புல இருக்க” என்றாள். விவரம் கேட்டதும் முகம் மாறியது.

“இத்தன பேரு ரத்தத்தையும் ஒரே பூட்டுக்குள்ளயா வச்சிருந்த?”

மணிமேகலை புதுப் போனில் அழுத்த, வேலம்மாளின் பட்டன் போனில் செய்தி வந்தது. முந்தானையால் அதை மறைத்துக்கொண்டு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பட்டியல் திறந்தது. ஓ நெகட்டிவ் பதினேழு பேர். வரப்பில் நின்றே மணிமேகலை கூப்பிட்டாள். மூன்றாவதாக எடுத்த பொன்மலைக்காரர், காலையில் ஷிப்டுக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொன்னார். கடை வாசலில் நின்ற கணவனுக்கும் தகவல் போயிற்று. பிறகு கணக்கிலிருந்து பழைய நம்பரை எடுத்துவிட்டு, தன் நம்பரோடு அக்காவின் நம்பரையும் சேர்த்தாள்.

போனை அக்காவிடம் கொடுத்தாள். வேலம்மாளின் வலது கையை, ஒட்டியிருந்த மண்ணோடு, இரண்டு கையாலும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.