மரத்தடியில் போட்ட துவாய்

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து விடுமுறைக்கு ஒரு சின்னக் கரீபியன் தீவுக்குப் போயிருந்தோம். ஆளில்லாத குடாவில் நிழலுக்கு ஒரே மரம். ஜெர்மன்காரர் போலவே துவாய் போட்டு இடம்பிடித்தோம்.

“பையையும் வையும். இஞ்சை ஆர் எடுக்கப்போகினம்?” என்றார் கணவர்.

பாறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால், பையும் துவாயும் வெயிலில் இருந்தன. அருகே ஒரு மீனவர்.

“இந்தாள் பையைக் கிண்டியிருக்கு. நான் அப்பவே யோசிச்சனான்!” என்றேன் கணவரிடம்.

வீம்புக்கு எல்லாவற்றையும் மரத்தடிக்கே தூக்கிப்போனேன். மீனவர் ஓடிவந்து மறித்தார். அடிமரத்திலிருந்த சிவப்புக் குறியைக் காட்டி, தழும்பேறிய தன் கையை நீட்டினார். அந்த மரத்துப் பால் பட்டால் தோல் வெந்துவிடுமாம்.

வெட்கத்தோடு நன்றி சொன்னேன். அவர் போனதும், கணவர் பார்க்காத நேரம் பையைத் திறந்து பாஸ்போர்ட்டுகளைத் தேடினேன். இரண்டும் இருந்தன.

அந்த மீனவரின் தழும்பேறிய கையைவிட, பைக்குள் போன என் கைதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.